கொலுவுக்கு ரயில் வரவழைப்போர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவராத்திரிக் கொலுவில் ஓடும் ரயில் வைக்க விரும்புவோருக்கான யோசனைகள் அடங்கிய குறிப்பைத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் படித்தேன். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் சொல்லி, எஞ்சின், பெட்டிகள், தண்டவாளம் எல்லாம் சேர்ந்து வரும் மாதிரி ரயில் ஸ்டார்ட்டர் செட் ஒன்றை வரவழைத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது நல்ல யோசனைதான். சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயிலையும், இரண்டு நாளில் பேட்டரி தீர்ந்து நின்றுவிடும் பிளாஸ்டிக் ரயிலையும் வைத்தே பல ஆண்டுகள் ஒப்பேற்றியவன் என்ற முறையில் அதை வரவேற்கிறேன். ஆனால் அந்தக் குறிப்பில் மூன்று செய்திகள் வாசகர்களைத் தவறான செட்டை வாங்க வைத்துவிடும் என்று அஞ்சுகிறேன். மாதிரி ரயில்களில் எச்ஓ (HO) என்பது உயர்ந்த ரகம், 'என்' (N) என்பது அதற்கு அடுத்த ரகம் என்பது ஒன்று. பெட்டிகள் அதிகம் உள்ள செட்டே லாபம் என்பது இன்னொன்று. வெளிநாட்டு செட்டின் செருகி நம் சுவர்ச் சாக்கெட்டில் நுழைவதற்கு ஒரு 'பின்' அடாப்டர் வாங்கிக்கொண்டால் போதும் என்பது மூன்றாவது. மூன்றாவது யோசனையைக் கேட்டு நடந்தால் என்ன ஆகும் என்பதை நான் செய்தே பார்த்திருப்பதால், அதிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியபோது, சென்னையில் இருக்கும் பேரனுக்காக ஒரு எச்ஓ செட் வாங்கி வந்தேன். கொலுவின் முதல் நாள் மாலை, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, விமான நிலையத்தில் வாங்கிய 'பின்' அடாப்டரில், ரயிலின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் பெட்டியைச் செருகி சுவிட்சைப் போட்டேன். வேகக் குமிழை நான் தொடுவதற்கு முன்பே அந்தப் பெட்டி 'உம்' என்று முனகத் தொடங்கியது. என்னவென்று குனிந்து பார்ப்பதற்குள் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்து, முனகலும் நின்றுபோனது. கவிழ்த்துப் பார்த்தால், அடிப்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தார்கள். நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். பின் அடாப்டர் முனையின் வடிவத்தைத்தான் மாற்றித் தருகிறது. மின்னழுத்தத்தை அது தொடுவதே இல்லை. செல்பேசி, மடிக்கணினி சார்ஜர்களில் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் ஏற்பாடு இருப்பதால், எதைச் செருகினாலும் ஒன்றும் ஆகாது என்ற துணிச்சல் நமக்குப் பழகிவிட்டது. மாதிரி ரயில் கன்ட்ரோலர்களில் பல அப்படிப்பட்டவை அல்ல. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட்தான் என்பதால் அங்கிருந்து வருபவற்றில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. இதில் விற்றவர் மீதோ செய்தவர் மீதோ குறை சொல்ல எனக்கு வழியில்லை. அடிப்பக்கத்தைப் படிக்காதது நான்.

எஞ்சின் தப்பித்ததற்குக் காரணம், அதற்குப் போவது வேறு மின்சாரம் என்பதுதான். இவ்வகை சாதாரண செட்டில் இரண்டு தண்டவாளங்களில் ஒன்று நேர்முனை, மற்றது எதிர்முனை; மின்சாரம் சக்கரங்கள் வழியாக ஏறி எஞ்சினுக்குள் இருக்கும் மோட்டாரை அடைகிறது. குமிழைத் திருப்பத் திருப்ப, சுழியத்திலிருந்து 12 வோல்ட் வரை நேர்மின்சாரம் கூடிக்கொண்டே போக, வேகமும் கூடுகிறது. முனைகளை இடம் மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடுகிறது. இவ்வளவுதான் சூட்சுமம். ஆகவே கன்ட்ரோலர் எரிந்துபோனவர்கள் செட்டையே தூக்கிப் போட வேண்டியதில்லை. நான் மின்னணுச் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய், ஒரு நல்ல 12 வோல்ட் டிசி அடாப்டர், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு பலகை, முன்னும் பின்னும் மாற்றுவதற்கு ஒரு டிபிடிடி சுவிட்ச் ஆகியவற்றை வாங்கி, தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு ஒரு டப்பாவுக்குள் அடைத்துக்கொண்டேன். சரஸ்வதி பூஜைக்குள் ரயில் ஓடியது. வாங்கும் முன்பே விழித்துக்கொள்பவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை: கன்ட்ரோலரில் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் தாராளமாகச் செருகலாம், இல்லையென்றால், அதன் வாட் அளவைத் தாங்கக்கூடிய ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை இங்கே வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, எச்ஓ, 'என்' என்பவை தரத்தைக் குறிக்கும் பெயர்கள் அல்ல. உண்மையான ரயிலை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பதைக் காட்டும் பெயர்கள். எச்ஓ என்றால் 87-இல் ஒரு பங்கு. அதற்கு முன்பிருந்த 'ஓ' அளவில் பாதி என்ற பொருளில் வந்த பெயர் அது. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர் இருக்கும். 'என்' என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் 160-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர். அமெரிக்காவின் 85 அடிப் பயணிகள் பெட்டி எச்ஓவில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர், அதாவது பள்ளிப் பிள்ளைகளின் அடிக்கோல் நீளம். 'என்' அளவில் 16 சென்டிமீட்டர், புதுப் பென்சிலைவிடச் சற்றுக் குட்டை. சிறியது என்பதால் வேலைப்பாடு மட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். வீடுகள் நெருக்கமான ஜப்பானில் பெரும்பாலோர் வைத்திருப்பது 'என்' அளவு ரயில்களைத்தான். கேட்டோ நிறுவனம் அங்கே 1965-லேயே அந்த அளவில் எஞ்சின் செய்யத் தொடங்கிவிட்டது.

ரயில்வேயில் வேலை பார்த்த வாசகர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து என்னிடம் சண்டைக்கு வருவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 16.5 மில்லிமீட்டரை 87-ஆல் பெருக்கினால் கிடைப்பது 1435 மில்லிமீட்டர், அதாவது அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் உள்ள பாதை. நம் பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர் வர வேண்டும். நம் ஊர் எஞ்சினை எச்ஓ அளவில் செய்து 16.5 மில்லிமீட்டர் பாதையில் நிறுத்தினால், உடம்பு சரியாகவும் கால் மட்டும் சற்று ஒடுங்கியும் இருக்கும். ஜப்பானியருக்கு இதே சங்கடம் தலைகீழாக உண்டு. அவர்களுடைய சாதாரண ரயில்பாதை 1067 மில்லிமீட்டர்தான். 9 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கு அது குறுகல். எனவே சாதாரண ரயில்களை 150-இல் ஒரு பங்காகவும், 1435 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் ஷின்கான்சென் அதிவேக ரயிலை மட்டும் 160-இல் ஒரு பங்காகவும் செய்து, இரண்டையும் ஒரே தண்டவாளத்தில் ஓட விடுகிறார்கள். அவர்களே அனுசரித்துப் போகும்போது நாம் கொலுவில் அனுசரிப்பதில் தவறில்லை.

ஆக, எந்த அளவு என்பதைத் தீர்மானிக்க வேண்டியது நம் வீட்டு இடம். இங்கேதான் வாங்குபவர்களில் பலர் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். அமெரிக்க எச்ஓ ஸ்டார்ட்டர் செட்டுகளில் வழக்கமாக வரும் வளைவின் ஆரம் 18 அங்குலம். இருபுறமும் சேர்த்தால் 36 அங்குலம். பாதையின் அடித்தளத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 38 அங்குல அகலம் தரையில் வேண்டும். அமெரிக்கர்கள் எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் பலகை ஒன்றை வாங்கி அதன் மேல் வைத்துக்கொள்கிறார்கள். நம் மரக்கடைகளிலும் அதே அளவுப் பலகைதான் கிடைக்கிறது, ஆனால் அதைப் போடும் அளவுக்குக் காலியான அறை நம் அடுக்குமாடி வீடுகளில் எத்தனை பேருக்கு இருக்கிறது? எங்கள் வீட்டில் படிகளுக்குப் பக்கத்தில் பூங்கா அமைக்கக் கிடைக்கும் இடம் நான்கடிக்கு இரண்டரை அடி. நான் வாங்கி வந்த செட் அதற்குள் அடங்காமல் ஹாலின் நடுவே கிடந்தது. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்த பெண்கள் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிப் போனார்கள். 'என்' அளவில் பாக்மன் நிறுவனத்தின் வழக்கமான செட் 34 அங்குல நீளமும் 24 அங்குல அகலமும் உள்ள நீள்வட்டத்துக்குள் முடிந்துவிடுகிறது. கேட்டோவின் 315 மில்லிமீட்டர் ஆர வளைவுகளைக் கொண்ட சுற்றுக்கு 66 சென்டிமீட்டர் அகலம் போதும். சாப்பாட்டு மேசையிலேயே போட்டுவிடலாம். கடைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நாம் அனுப்ப வேண்டிய முதல் செய்தி, வீட்டில் உள்ள இடத்தின் நீள அகலம்.

பெட்டிகளின் எண்ணிக்கையும் இந்த வளைவோடு சேர்ந்த விஷயம். ஸ்டார்ட்டர் செட்டில் வரும் பெட்டிகள் குட்டையாக இருப்பதற்குக் காரணம் சிக்கனம் மட்டும் அன்று. 18 அங்குல வளைவில் நீளமான பெட்டி ஒழுங்காகத் திரும்பாது. முழு நீள 85 அடிப் பெட்டியை அதில் ஓட விட்டால், நடு உடம்பு பாதைக்கு உள்ளே பிதுங்கும், முனைகள் வெளியே துருத்தும், கொக்கி எட்டும் வரை இழுபட்டு, கடைசியில் சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கும். அத்தகைய பெட்டிகளுக்கு 24 அங்குல ஆரமாவது வேண்டும். எனவே அடுத்த ஆண்டு நான்கு பெரிய பெட்டிகள் வாங்கிச் சேர்த்துவிடலாம் என்ற நினைப்போடு சிறிய சுற்றை வாங்கக் கூடாது. என்னைக் கேட்டால், முதல் செட்டாகப் பயணிகள் ரயிலைவிடச் சரக்கு ரயில்தான் நல்லது. 40 அடிச் சரக்குப் பெட்டி எச்ஓவில் 14 சென்டிமீட்டர்தான். எந்த வளைவிலும் சமர்த்தாகத் திரும்பும். பாதையைப் பிரித்துவிடும் பாயின்ட் ஒன்றும், பெட்டியை நிறுத்தி வைக்கும் பக்கப் பாதையான சைடிங் ஒன்றும் சேர்த்துவிட்டால், பெட்டியைக் கழற்றி விடுவதும் மறுபடி கோத்து இழுப்பதுமாக ஒரு ஷண்டிங் யார்டே கிடைத்துவிடுகிறது. சுற்றிச் சுற்றி ஓடும் ரயிலைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்துபோகும் சிறுவன், ஷண்டிங் செய்யக் கொடுத்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை. செட்டின் அட்டைப்பெட்டி மேல் '130 பீஸ்' என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: தந்திக் கம்பம், அறிவிப்புப் பலகை, விரல்நுனி அளவு மனித பொம்மைகள் எல்லாவற்றையும் எண்ணித்தான் அந்தக் கணக்கு வருகிறது.

நான் பெட்டி எண்ணிக்கையைவிடத் தண்டவாளத்தைப் பார்த்து வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் நம் காற்று. நவராத்திரி முடிந்ததும் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்கிறது. பொம்மைகளோடு ரயிலும் பரணுக்குப் போய்விடுகிறது. எஃகுத் தண்டவாளமாக இருந்தால், மறு ஆண்டு செய்தித்தாளைப் பிரிக்கும்போது பழுப்பு நிறத்தில் துரு ஏறியிருக்கும். துரு ஏறிய இடத்தில் மின்சாரம் தடைபட்டு, எஞ்சின் திக்கித் திக்கி ஓடும். நிக்கல் சில்வர் என்ற கலவை உலோகத்தில் செய்த தண்டவாளம் அப்படித் துருப்பிடிப்பதில்லை. பெயரில் வெள்ளி இருந்தாலும் அதில் இருப்பவை செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவையே. பாக்மன் எச்ஓ செட்டுகளில் இதைக் கண்டுபிடிப்பது எளிது: ஜல்லி போன்ற பிளாஸ்டிக் அடித்தளம் கறுப்பாக இருந்தால் எஃகு, சாம்பல் நிறமாக இருந்தால் நிக்கல் சில்வர். எந்தத் தண்டவாளமானாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள், அடுத்த அழுக்கு உட்கார வசதியாகக் கீறல்களை உண்டாக்கிக் கொடுக்கிறார்கள்.

தண்டவாள இடைவெளி ஒன்றாகவே இருந்தாலும், அடித்தளத்தோடு வரும் பாதைகளில் ஒவ்வொரு கம்பெனியும் இணைக்கும் முறையை வேறு வேறாக வைத்திருக்கிறது. கேட்டோவின் துண்டை இன்னொரு ஜப்பானியக் கம்பெனியான டோமிக்ஸின் துண்டோடு அப்படியே கோக்க முடியாது. பாக்மன் அந்த இரண்டோடும் நேரடியாகச் சேராது. முதல் செட்டை வாங்குகிறபோதே ஒரு கம்பெனியின் பாதைக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுவிடுகிறோம் என்பதால், கூடுதல் நேர்த்துண்டும் பாயின்ட்டும் தனியாகக் கிடைக்கிறதா, நம் பிள்ளைகள் இருக்கும் ஊரில் சுலபமாகக் கிடைக்கிறதா என்று முதலிலேயே விசாரிக்க வேண்டும்.

எஞ்சினைப் பொறுத்தவரை நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: எத்தனை சக்கரங்கள் மின்சாரத்தை எடுக்கின்றன? மலிவான செட்டுகளில் வரும் நான்கு சக்கர நீராவி எஞ்சின் பார்க்க லட்சணமாக இருக்கும். பாயின்ட்டின் நடுவே பிளாஸ்டிக்காக இருக்கும் இடத்தில் மெதுவாகப் போனால் அங்கேயே நின்றுவிடும், பிறகு விரலால் தள்ள வேண்டும். எட்டு சக்கரங்களிலும் மின்சாரம் எடுக்கும் டீசல் எஞ்சினுக்கு இந்தத் தொல்லை குறைவு. கடையில் ஓட்டிக் காட்டச் சொல்பவர்கள் முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதைவிட, எவ்வளவு மெதுவாக, நின்று நின்று போகாமல் ஊர்கிறது என்று பார்ப்பது நல்லது.

ஜெர்மனியிலிருந்து வரவழைப்பவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். 1859-இல் தொடங்கிய மெர்க்லின் நிறுவனத்தின் எச்ஓ ரயிலும் 16.5 மில்லிமீட்டர் பாதையில்தான் ஓடுகிறது. ஆனால் அதற்கு மின்சாரம் கிடைப்பது, ஸ்லீப்பர் கட்டைகளின் நடுவே தெரியும் சிறு உலோகப் புள்ளிகளிலிருந்து. இரண்டு தண்டவாளங்களும் ஒரே முனையாகச் செயல்படுகின்றன. அந்த எஞ்சினை மற்ற கம்பெனிகளின் சாதாரணப் பாதையில் வைத்தால் ஷார்ட் ஆகும். 1900-இல் நியூயார்க்கில் தொடங்கிய லயனலின் 'ஓ' அளவு ரயில்களுக்கு நடுவே மூன்றாவது தண்டவாளமே இருக்கிறது. அவர்களுடைய வழக்கமான செட் 60 அங்குலத்துக்கு 40 அங்குலம் இடம் கேட்கும். அமெரிக்கக் குடும்பங்களில் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி ஓடுவது பெரும்பாலும் இந்த ரயில்தான். பண்டிகைக்குப் பண்டிகை பரணிலிருந்து இறங்கும் ரயில் என்ற வகையில் நம் கொலு ரயிலுக்கு அது அண்ணன் முறை. கூடம் பெரிதாக உள்ளவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தால் கனமும் கம்பீரமும் தனிதான்.

டிசிசி என்னும் டிஜிட்டல் முறையைப் பற்றி அந்தக் குறிப்பு நிறையவே எழுதியிருந்தது. ஒரே பாதையில் இரண்டு ரயில்களைத் தனித்தனி வேகத்தில் ஓட்ட விரும்புவோருக்கு அது தேவை. ஒரு ரயில் ஓடினால் போதும் என்பவர்களுக்கு முதல் செட்டிலேயே அந்தச் செலவு வேண்டாம். 'டிசிசி ரெடி' என்று எழுதியிருந்தால், டிஜிட்டல் கட்டளையைப் புரிந்துகொள்ளும் சிறு சில்லான டிகோடரைப் பிற்பாடு செருகிக்கொள்ள இடம் இருக்கிறது என்றுதான் பொருள்; டிகோடர் உள்ளே இருக்கிறது என்று பொருளல்ல.

கொலுவுக்கே உரிய ஒரு விஷயத்தை வெளிநாட்டுக் கையேடுகளில் தேடினால் கிடைக்காது. நாம் பூங்காவில் மணலைக் கொட்டி, கேழ்வரகோ கடுகோ விதைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறோம். மணல் ஒரு பொடி எஞ்சினின் அடிப்பக்கத்துப் பல்சக்கரத்தில் புகுந்தாலும் அது கரகரவென்று அரைக்கத் தொடங்கிவிடும். பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளும் அப்படித்தான், எஞ்சினின் அச்சில் சுற்றிக்கொள்ளும். நான் செய்வது இது: பாதையை ஒரு தனி பிளைவுட் பலகையில் பொருத்தி, பலகையின் விளிம்பில் அட்டையால் ஒரு விரற்கடை உயரத்துக்கு மதில் கட்டி, முளைப்பாரி எல்லாவற்றையும் அதற்கு வெளியே வைத்துவிடுகிறேன். பலகையின் மேல் புல்வெளி வேண்டுமென்றால், மரத்தூளைத் தூவி, ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டு சொட்டாக விட்டுக் காயவைத்தால், அது பலகையோடு பலகையாக ஒட்டிக்கொண்டு ரயில் பக்கம் வருவதில்லை. தண்ணீர் தெளிக்கும் நேரத்தில் கன்ட்ரோலரின் செருகியைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இவற்றில் எதுவுமே ஏற்றதல்ல; 'என்' அளவுப் பெட்டியின் கொக்கி அரிசியைவிடச் சற்றுப் பெரியது, வாயில் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு மர ரயில் போதும்.

தங்கள் இணைப்பில் எழுதியவரின் ஆர்வத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எச்ஓவா 'என்'னா என்பதில் அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்கட்டும். பின் அடாப்டர் போதும் என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் அடுத்த ஞாயிறே திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன். நவராத்திரிக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் இப்போதுதான் பெட்டி கட்டத் தொடங்கியிருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாளைய வாசகன்,
மேற்கு மாம்பலம், சென்னை